முன்னால் உட்கார்ந்தவள்

இன்றைக்கு வர முடியாது என்று நேற்றே சொல்லியிருக்கலாம், முட்டி வலி என்று சொல்லியிருக்கலாம், வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம், ஜெசிந்தா நம்பியிருப்பாள், நான் சொல்லும் எதையும் அவள் நம்புவாள், அதனால்தான் நேற்று ராத்திரி போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி சார்ஜில் போட்டேன், இன்னொரு பொய்க்கு வாய் வரவில்லை. ஆகவே இதோ ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி, உடுமலையைத் தாண்டித் தளி ரோட்டில் இறங்கிவிட்டோம், முன்னால் நான், பின்னால் அவள், ஒரே சைக்கிள். எங்கள் சைக்கிள் குழு கோவையில் யாரோ விற்றதை வாங்கிக்கொண்டு வந்த இரட்டை சைக்கிள் இது. ஹேண்டில்பாரும் பிரேக்கும் கியரும் முன்னால் இருப்பவளிடம். பின்னால் இருப்பவளுக்கு மிதிப்பது மட்டும்தான், அவள் பிடித்திருக்கும் கைப்பிடி எந்தப் பக்கமும் திரும்பாது. இரண்டு பெடலையும் ஒரு சங்கிலி இணைத்திருக்கிறது, நான் மிதிப்பதை நிறுத்தினால் அவள் கால் நின்றுவிடும், என் கால் கொஞ்சம் தயங்கினாலும் அவள் காலுக்குத் தெரிந்துவிடும். இப்போதும் தெரிந்திருக்க வேண்டும். "என்னக்கா, இன்னைக்குக் கால் கனமா இருக்குது?" என்கிறாள் பின்னாலிருந்து. "தூக்கம் சரியில்ல" என்கிறேன். இது பொய்யில்லை. ஏழு நாளில் இது ஒன்றாவது பொய்யில்லாமல் இருக்கட்டும். தென்னந்தோப்புகளுக்கு நடுவில் வெயில் இன்னும் இறங்கவில்லை, கையில் குளிர் காற்று, மட்டைக் கம்பெனிகளின் ஈர நார் வாசனை, தூரத்தில் மின்சாரக் காற்றாடிகள் சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கின்றன. ஜெசிந்தா கேட்கப்போகிறாள். இந்த இடம் வந்ததும் கேட்பாள். கேட்டுவிட்டாள். "சொல்லுங்க்கா, என்ன இருக்குது இன்னைக்கு?"

எட்டு மாதமாக இதுதான் எங்களுக்குள் பழக்கம். அவளுக்குப் பத்தொன்பது வயதில் பார்வை போனது, கண்ணில் அழுத்தம் கூடி ஒரே வருஷத்தில் போய்விட்டதாம், அதனால் நிறங்கள் எப்படி இருக்கும் என்று ஞாபகம் உண்டு, மலை ஞாபகம் உண்டு, பச்சை என்றால் எந்தப் பச்சை என்று திருப்பிக் கேட்பாள். கவர்மென்ட் ஸ்கூலில் சரித்திர டீச்சர், என்னைவிட எட்டு வயது சின்னவள், முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள். "உங்க கண்ணை வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் எனக்கு வாடகைக்கு விடுங்க்கா" என்றாள். நான் பேசத் தெரியாதவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஊசி குத்துகிறேன், என் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வரும் வாக்கியம் ஒன்றுதான், ஒண்ணுமில்லைங்க, கண்ணை மூடிக்குங்க, முடிஞ்சுருச்சு. வீட்டில் என் புருஷன் தண்டபாணி போனிலிருந்து தலையைத் தூக்காமல் உம் என்பார், மகன் சென்னையில். நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க உலகத்தில் ஒரு ஆள் கிடைத்தபோது எனக்கே தெரியாமல் வாய் நீண்டது. முதலில் இருந்ததைத்தான் சொன்னேன். தோப்பு, வாய்க்கால், மலை, மேகம். நாலு ஞாயிற்றுக்கிழமையில் அது தீர்ந்துவிட்டது. ஒரு நாள் நிஜமாகவே ஒரு மயில் ரோட்டைக் கடந்தது, சொன்னேன், பின்னால் அவள் ஐயோ என்று குழந்தை மாதிரிக் கூவினாள், சைக்கிளே குலுங்கியது. அடுத்த வாரம் மயில் வரவில்லை. நான் வரவைத்தேன். அப்புறம் வாய்க்காலில் தாமரை பூத்தது, கொக்குகள் கூட்டமாக எழுந்து போயின, மலை மேல் மழை தொங்கியது, கோழிப்பண்ணை நாற்றத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, மூக்குக்கு யார் பொய் சொல்வது. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அவள் சந்தோஷப்படுகிறாள், அவள் சந்தோஷப்பட்டால் என் முதுகில் அது வெயில் மாதிரி விழுகிறது. அந்த வெயிலுக்காகத்தான் சொன்னேன், அவளுக்காக அல்ல. இப்படியெல்லாம் போன வாரம் வரைக்கும் நான் யோசித்ததே இல்லை.

"தோப்புதான் இருக்குது" என்கிறேன் இப்போது. "தோப்புதானா?" "ம். பனி கொஞ்சம்." ஏமாந்து போகிறாள், அது அவள் மிதியில் தெரிகிறது. போகட்டும். இன்னும் ஆறு கிலோமீட்டரில் அந்த இறக்கம் வந்துவிடும். மேட்டிலிருந்து வாய்க்கால் பாலத்தை நோக்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஒரே இறக்கம், கீழே புளியமரத்து வளைவு, ஜெசிந்தாவுக்கு இந்த ரோட்டிலேயே பிடித்த இடம், அங்கே வந்தால் அவள் சிரிக்க ஆரம்பித்துவிடுவாள், பள்ளிக்கூடத்தில் டீச்சர் யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். போன வாரமும் சிரித்தாள். ஒரு மணி நேரத்துக்குள் அணைக்குப் போய்விட வேண்டும் என்று மூன்று மாதமாக முயன்றுகொண்டிருந்தோம், போன வாரம் முதல் தடவையாக நேரம் எங்கள் பக்கம் இருந்தது, மேட்டில் ஏறியதும் "இப்ப விட்டா பிடிக்கலாங்க்கா" என்றாள், நானும் பிரேக்கை விட்டேன், காற்று காதில் கத்தியது, இரண்டு பேர் எடையில் இந்த வண்டி இறங்கும் வேகம் வேறு வேகம். வளைவின் முதல் பாதியில் பார்த்தேன். ரோட்டின் இடப்பக்கம், மண்ணில் ஒரு மொபெட் சாய்ந்து கிடந்தது, பால் கேன் உருண்டு போய்ப் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு ஆள், நீலச் சட்டை, பாதி எழுந்து உட்கார முயன்று முடியாமல் ஒரு கையைத் தூக்கினார். வாயும் திறந்தது. என் விரல்கள் பிரேக்குக்குப் போயின. போய் அங்கேயே இருந்தன. கால் மட்டும் ஒரு சுற்று தயங்கியது, பின்னால் அவள் கால் அதை உணர்ந்துவிட்டது. "என்னக்கா? யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு?" நான் சொன்னேன், வாய் தானாகச் சொன்னது, என்னுடைய இருபத்திரண்டு வருஷ வாய், "ஒண்ணுமில்ல, ஆடு மேய்க்கறவரு. ஆட்டைக் கூப்பிடறாரு." "ஓ" என்றாள், திரும்பவும் சிரித்தாள், நாங்கள் பாலத்தைத் தாண்டிவிட்டோம். ஐம்பத்தெட்டு நிமிஷத்தில் அணை. ஜெசிந்தா என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். திரும்பும்போது, "இன்னொரு வழி இருக்குது, நிழலா இருக்கும்" என்று சொல்லி வேறு ரோட்டில் கூட்டிக்கொண்டு வந்தேன். நிழலே இல்லாத ரோடு அது. வெயில் சுட்டபோதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நான் நிழல் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

ஏன் நிற்கவில்லை. திங்கட்கிழமை முழுக்க இதற்கு நல்ல பதில்கள் கிடைத்தன. அந்த வேகத்தில் பிரேக் பிடித்திருந்தால் இரண்டு பேரும் விழுந்திருப்போம். சரி, ஆனால் நூறடி தள்ளி நிறுத்தியிருக்கலாமே, பாலத்தில் நிறுத்தி நடந்து வந்திருக்கலாமே. அவளைத் தனியாக ரோட்டில் நிறுத்திவிட்டுப் போக முடியாதே. ஏன் முடியாது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கலாமே, அவள்தான் முதலில் ஓடி வந்திருப்பாள். போலீஸ், ஆஸ்பத்திரி, நீங்கதான் இடிச்சீங்களா என்று கேட்பார்கள். சைக்கிளில் போகிறவளையா. சரி, நிற்க வேண்டாம், அணைக்குப் போனதும் ஆம்புலன்ஸுக்கு ஒரு போன். கையில் போன் இருந்தது. அதில் நாங்கள் இரண்டு பேரும் படம் எடுத்துக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை பேப்பரின் உள்ளூர்ப் பக்கத்தில் விபத்துச் செய்திகளைத் தேடினேன், புதன்கிழமையும் தேடினேன், ஒன்றும் இல்லாதது நல்லதா கெட்டதா தெரியவில்லை, பால்காரர் செத்தால் பேப்பரில் போடுவார்களா. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன், காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ரத்தம் எடுக்கும்போதெல்லாம் ட்யூபில் ஏறும் சிவப்பைப் பார்த்து, உள்ளே கசிந்தால் வெளியே தெரியாது, ஒரு மணி நேரம் போதும், என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தெரியாதவள் தாண்டிப் போனால் அது வேறு. அப்புறம் வெள்ளிக்கிழமை சோறு வடிக்கும்போது நிஜமான காரணம் தானாக வந்து நின்றது. நான் சந்தோஷமாக இருந்தேன். அவ்வளவுதான். நாற்பத்தேழு வயதில், ஒரு இறக்கத்தில், ஒருத்தி சிரிக்கிற சத்தத்தோடு, அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன், அடியில் இன்னொன்று இருப்பது தெரிந்தது, அதைத் தொடாமல் இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன், இப்போது மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது, தொடாமல் இருக்கவும் தெம்பில்லை. பின்னால் பார்வை உள்ள யாராவது உட்கார்ந்திருந்தால் நான் நின்றிருப்பேன். நிச்சயமாக நின்றிருப்பேன். பார்க்க ஆள் இல்லை என்பதால் நிற்கவில்லை.

மேடு வந்துவிட்டது. "விடுங்க்கா" என்கிறாள். நான் விடவில்லை, இரண்டு பிரேக்கையும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்குகிறேன், ரப்பர் தேயும் வாசனை வருகிறது, "என்னக்கா மாட்டு வண்டி மாதிரி" என்று அவள் முனகுகிறாள். புளியமரம். வளைவு. இடப்பக்கம் மண். யாரும் இல்லை, வண்டி இல்லை, கேன் இல்லை, புல் புல்லாக இருக்கிறது, ஒரு வாரத்துக்கு முன் இங்கே எதுவும் நடக்கவில்லை என்று அந்த இடம் என்னிடம் சொல்கிறது. பாலத்தைத் தாண்டியதும் என் தோள்பட்டை தானாக இறங்கியது, எப்படியோ எழுந்து போயிருக்கிறார், போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஏதாவது இருந்திருக்கும், ஒரு பூவோ சாம்பலோ, இப்படி அசிங்கமாக ஒரு நிம்மதி வயிற்றிலிருந்து ஏறி வந்தது, கூடவே பசியும் வந்தது. "பன் சாப்பிடலாமா?" என்று நானே கேட்டேன். "பின்ன, சாப்பிடாமயா" என்றாள் ஜெசிந்தா.

கைகாட்டிக்குப் பக்கத்து பேக்கரியில் எங்களைத் தெரியும், சைக்கிளைப் பார்த்ததும் பேக்கரிக்காரர் இரண்டு டீயும் பட்டர் பன்னும் சொல்லாமலே எடுத்து வைப்பார். ஜெசிந்தாவின் கையை என் முழங்கையில் வைத்துக் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தேன். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை, மடக்குத் தடி சைக்கிள் பையிலேயே இருந்தது. எதிர் பெஞ்சில் ஒரு ஆள், தோளிலிருந்து மார்பு வரைக்கும் கட்டு, கழுத்தில் தொட்டில் மாதிரித் துணி போட்டு அதில் கை. நான் முகத்தைப் பார்க்கும் முன்னால் அவர் எங்கள் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்புறம் ஜெசிந்தாவைப் பார்த்தார். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க, போன ஞாயித்துக்கெழம இந்த வண்டியிலதானுங்க போனீங்க?" ஜெசிந்தா வாயில் பன்னோடு சிரித்தாள். "ஆமாங்கண்ணா, வாராவாரம் வருவோமே." "புளியமரத்து வளவுல நான் கெடந்தனுங்க. நாய் குறுக்க பூந்து, கேனோட விழுந்துபோட்டேன். இந்தக் காறை எலும்பு ரெண்டாப் போச்சு, எந்திரிக்க முடியல. கையத் தூக்கிக் கூப்பிட்டனுங்க." அவர் குரலை உயர்த்தவே இல்லை, ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு அது, எனக்கு அந்த மாதிரிப் பேச்சு தெரியும். "நீங்க என்னையப் பாத்தீங்க. மூஞ்சிய என்ற பக்கம் திருப்பி, நேராப் பாத்தீங்க. பாத்துச் சிரிச்சுட்டே போயிட்டீங்க. ஏழு நாளா அந்தச் சிரிப்புதானுங்க எனக்கு. நான் அப்படி என்னங்க பண்ணிப்போட்டேன் உங்களுக்கு?"

ஜெசிந்தாவின் கையிலிருந்த டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. அவள் முகம் அவர் பக்கம் போகவில்லை, என் பக்கம் திரும்பியது, கறுப்புக் கண்ணாடியில் பேக்கரியின் ட்யூப் லைட் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பேக்கரிக்காரர் உள்ளேயிருந்து, "ஏங்க சென்னியப்பண்ணா, அந்த டீச்சரம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றார். அந்த ஆள் விறைத்துப் போனார். கட்டுப்போடாத கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "அய்யோ. அம்மிணி. எனக்குத் தெரியாதுங்க, மன்னிச்சுக்குங்க, ஒரு வாரமா உங்களத் திட்டிட்டுக் கெடந்தனே, என்ற சம்சாரத்துகிட்டயும் சொல்லி அவளும் திட்டினாளே" என்றார், கண் கலங்கிவிட்டது அவருக்கு. அப்புறம்தான் என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன், எனக்கும் ஒரு வழி வைத்தார். "முன்னாடி ஓட்டறவீங்களுக்கு ரோட்டு மேல கண்ணு. அந்த வேகத்துல ஓரத்துல கெடக்கறவன் எங்க தெரியப் போறான். விடுங்க, எம் புத்தி அப்படிப் போயிருச்சு." தலையை ஆட்டினால் போதும். பேச வேண்டியதுகூட இல்லை. ஒரு தலையாட்டல், ஐயோ கவனிக்கலையேங்க என்று ஒரு பேச்சு, இரண்டு டஜன் பழம் வாங்கிக் கொடுத்தால் இந்த மனுஷன் என்னைக் கும்பிட்டே அனுப்புவார், ஜெசிந்தா பாவம் அந்த அண்ணா என்பாள், ஆடு மேய்ப்பவரைப் பற்றிக் கேட்டால் அது வேறு ஆள், வேறு இடம் என்று சொல்லிவிடலாம், எல்லாம் அந்தந்த இடத்தில் போய்ப் பொருந்திவிடும், அவள் நம்புவாள். ஜெசிந்தா இன்னும் என் பக்கமே திரும்பியிருந்தாள். கேள்வியே இல்லாத முகம். காத்திருக்கும் முகமும் இல்லை. நான் சொல்லப் போவது எதுவானாலும் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்த முகம், எட்டு மாதமாக என் முதுகுக்குப் பின்னால் இருந்தது இந்த முகம்தான், இதை நான் முன்னால் உட்கார்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

"பாத்தேனுங்க" என்றேன்.

பால் காயும் சத்தம் கேட்டது. "பாத்தீங்களா?" என்றார் சென்னியப்பன், காது சரியாகக் கேட்கவில்லை என்பது போல. "பாத்தேன். நீங்க கையத் தூக்குனதப் பாத்தேன். இவங்களுக்குக் காதுல விழுந்து கேட்டாங்க, ஆடு மேய்க்கறவருன்னு நான்தான் சொன்னேன்." "ஏனுங்க நிக்கல?" ஏழு நாளாக நான் சேர்த்து வைத்த பதில்களில் ஒன்றுகூட அந்தக் கட்டுக்கு முன்னால் எழுந்து நிற்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன் என்று ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது. "தெரியலீங்க" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். "ஒரு மணி நேரங்க" என்றார். "பாலுக்கு எறும்பு வந்துருச்சு. மட்டை லாரிக்காரன் வந்து தூக்குற வரைக்கும் எறும்பத் தட்டிவிடக்கூடக் கை வல்ல." எழுந்து, நல்ல கையால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜெசிந்தாவிடம் மட்டும், "வர்றனுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்க நானும் எழுந்து இரண்டடி பின்னால் போனேன், "அண்ணா" என்று கூப்பிட்டேன், அவர் காது கேட்கிற தூரத்தில்தான் இருந்தார், திரும்பவில்லை.

அணைக்குப் போகவில்லை. "திருப்புங்க" என்றாள் ஜெசிந்தா. பஸ் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டேன், அவளாகவே சீட்டைத் தடவி ஏறிக்கொண்டாள். என்னை நம்பாமல் என் பின்னால் உட்கார்ந்து வருவது எப்படி இருக்கும் என்று யோசித்தேன், பள்ளம் வந்தால் நான்தான் சொல்ல வேண்டும், லாரி வந்தால் நான்தான் சொல்ல வேண்டும், அவள் கையிலிருக்கும் கைப்பிடி எந்தப் பக்கமும் திரும்பாது. மிதி மட்டும் வந்துகொண்டிருந்தது, அளவாக, கூலிக்கு மிதிப்பது மாதிரி. பாலத்தில் ஏறும்போது பேசினாள். "இந்த வாய்க்கால்ல தாமரை இருக்குதுன்னு சொன்னீங்களே?" "இல்ல." "எப்பவாவது இருந்துச்சா?" "இல்ல." "மயிலு?" "ஒரு தடவை இருந்துச்சு. முதல் தடவை." "கொக்கு?" "ஒண்ணு ரெண்டு." "எங்க வீட்டுக்காரரைத் தாமரை பாக்கக் கூட்டிட்டு வரணும்னு இருந்தேன். அவரு லீவு போடறேன்னுட்டாரு" என்றாள். அழுகிறாளோ என்று திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, நான் திரும்பினால் வண்டி ஆடும், ஆடினால் அவள் பயப்படுவாள், ஆகவே முன்னால் பார்த்தே ஓட்டினேன்.

"அந்த எடத்துல நிறுத்துங்க."

நிறுத்தினேன். இறங்கினாள், என் முழங்கையைத் தொடவில்லை, தடியை எடுத்து நீட்டிக்கொண்டாள். "எங்க கெடந்தாரு?" காட்டினேன், காட்டி என்ன பிரயோசனம் என்று உறைத்து, "உங்களுக்கு நேரா ஆறடி, கொஞ்சம் எடது பக்கம்" என்றேன். தடியால் தட்டித் தட்டிப் போய் அங்கே நின்றாள். "வண்டி?" "அவருக்கு வலப்பக்கம். கேன் கீழ புல்லுல." "என்ன சட்டை?" "நீலம். ஊதா இல்ல, வெளுத்த நீலம்." "எத்தனை நேரம் பாத்தீங்க?" "மூணு, நாலு செகண்டு." "கையை எப்படித் தூக்கினாரு?" "முழுசாத் தூக்க முடியல. தோளுக்குக் கீழதான். விரலெல்லாம் விரிஞ்சிருந்துச்சு." "என்ன சொன்னாரு?" "அம்மான்னு." "நான் என்ன பண்ணிட்டிருந்தேன் அப்ப?" "சிரிச்சிட்டிருந்தீங்க." எட்டு மாதத்தில் இவ்வளவு ஒழுங்காக நான் எதையும் அவளுக்குச் சொன்னதில்லை. ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை குறையவில்லை. அவள் குனிந்து, உட்கார்ந்து, மண்ணைக் கையால் தடவினாள். டீச்சர், முள்ளு இருக்கும் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. காய்ந்த புளிய இலைகள், ஜல்லி, எறும்பு. ஏதோ ஒன்று அவள் விரலில் பட்டது. எடுத்தாள். விரல்நகம் அளவில் ஒரு பிளாஸ்டிக் சில்லு, ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் வரி வரியாக. ஓரத்தையெல்லாம் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். "இது என்ன?" "அவரு வண்டியோட இண்டிகேட்டர் உடைஞ்சது." "என்ன நெறம்?" "ஆரஞ்சு" என்றேன். அதைச் சைக்கிள் சட்டையின் பின்பாக்கெட்டில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "போலாம்" என்றாள். போலாங்க்கா என்று சொல்லவில்லை. வீடு வரைக்கும் சொல்லவில்லை.

அவள் தெருவுக்குள் திரும்பும்போது எட்டரை மணி ஆகிவிட்டது, அவள் வீட்டுக்காரர் பிலவேந்திரன் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார், மனைவி ஒரு மணி நேரம் முன்னதாக வந்ததில் ஆச்சரியப்பட்டு வாளியை வைத்துவிட்டு வந்தார். ஜெசிந்தா இறங்கியதும் பாக்கெட்டிலிருந்து அதை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "இது என்ன நெறங்க?" நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆரஞ்சுதான், நான் என் கண்ணால் பார்த்தேன், வெயிலில் பார்த்தேன், ஆனாலும் ஒருவேளை நான் சரியாகப் பார்க்கவில்லையோ, ஒருவேளை என் கண்ணே அப்படிப் பழகிவிட்டதோ. அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செவப்பு மாதிரி…" என்றார். அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "இல்ல, ஆரஞ்சு. நல்ல ஆரஞ்சு. வண்டி இண்டிகேட்டர் இது, எங்க கெடைச்சுது?" ஜெசிந்தா அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, சுவரைத் தொட்டபடி உள்ளே போனாள். அவர் என்னைப் பார்த்தார். "என்னங்க்கா ஆச்சு?" உள்ளே குழாயைத் திறந்து அவள் முகம் கழுவும் சத்தம் கேட்டது. சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன், மேட்டில் ஏறியதிலிருந்து, இப்ப விட்டா பிடிக்கலாங்க்கா என்று அவள் சொன்னதிலிருந்து. நீலச் சட்டை வரைக்கும் வந்தபோது உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் இல்லை. நான் நிறுத்தவில்லை, கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.